பல் கருகிய வாடை

என் கணவர் பல் டாக்டர். பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். கொஞ்ச காலமாக அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கண்ணைக் காட்டுங்கள் என்றால் எரிந்து விழுவார். பார்வை போனால் தொழில் போகும். தொழில் போனால் இந்த மனிதர் என்ன ஆவாரோ என்று எனக்கும் பயம்தான்.

அன்று நாற்காலியில் என் தங்கை. மேல் முன்பல்லின் பின்பக்கம் சொத்தை. சின்னக் கண்ணாடியில் பார்த்துத்தான் குடைய வேண்டும்.

"மச்சினிக்கு வாய்தான் நீளம்னு நெனச்சேன், பல்லும் நீளமாதான் இருக்கு" என்று வம்புக்கு இழுத்தார். ஊசி போட்டு மரத்த உதட்டோடு அவள் கோணலாகச் சிரித்தாள்.

ட்ரில் சுற்றும்போது பல் சூடாகாமலிருக்க அதன் முனையிலேயே தண்ணீர் பீய்ச்சும். கண்ணாடி முழுக்கத் துளிகள். துடைத்தார், குனிந்தார், மறுபடி துடைத்தார். பிறகு கமுக்கமாகத் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

முடி தீய்ந்தது போல ஒரு வாடை வந்தது.

"ஏங்க, தண்ணியப் போடுங்க! பல்லு வேகுது!"

"போட்டா ஒண்ணும் தெரியலடி. செத்த சும்மா இரு."

நானே எட்டித் திறந்துவிட்டேன். முறைத்தார். தங்கைக்கு எதுவும் உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். கையை எடுத்ததும் எனக்குப் பகீரென்றது. அன்று வெந்த பல் உள்ளே செத்து, சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

"அத்தான், என்ன பண்ணி வச்சிருக்கீங்க பாருங்க. சிரிக்கவே முடியல."

விளக்கை இழுத்து, அவள் முகத்தில் இடிக்கிற மாதிரி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளை வெளேர்னுதானே இருக்கு? இதுல என்ன குறை?"

சண்டைக்கு வந்தவள் பல்லை மறந்துவிட்டு அவர் கண்களையே பார்த்தாள்.

"அடுத்தவங்களக் கூப்பிடு" என்றார்.

கதவைத் திறந்து போனேன். வெளியே ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்தார்.

"வேற டாக்டர்கிட்டப் போங்கய்யா. இவரு இனிமே பாக்கமாட்டாரு." உள்ளேயிருக்கும் என் கணவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

கத்துவார், வெளியே வந்து என்னைத் திட்டுவார் என்று கதவருகிலேயே நின்றேன். உள்ளே விளக்கை அணைக்கிற சத்தம்தான் கேட்டது.