முகத்துக்கு இடம் விடாத குல்லா

எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் பின்னிக் கொடுக்கும் ஸ்வெட்டருக்கு ஏற்ப உடம்பு மாறிக்கொள்ளும். உடம்புக்கு ஏற்பப் பின்னுவது கடைக்காரன் வேலை. பிரியம் உள்ளவர்கள் அளவெடுக்கக் கூடாது. மனத்தில் இருப்பதைத்தான் பின்ன வேண்டும். இதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிகிறார்கள்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கத்தின் பொருளாளர் சந்தியாகுவுக்கு அவருடைய அம்மா ஆண்டுதோறும் பின்னுவார். அந்த அம்மாவின் மனத்தில் அவர் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தார். ஆகவே பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அவரைத் தூக்கிப்போய் மேசைமேல் உட்கார்த்தி வைப்பேன். மேலாளர் அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு போனஸை மறுப்பார். சந்தியாகுவுக்கு வெட்கமில்லை. "கதகதப்பா இருக்கு தோழர்" என்பார். கதகதப்பைக் காட்டித்தான் எல்லா வேலைநிறுத்தத்தையும் முறித்திருக்கிறார்கள்.

நான் துண்டறிக்கை போட்டேன். 'முதலில் அளவெடு, பிறகு அன்பு காட்டு' என்பது தலைப்பு. ஊரார் மரியாதையாக வாங்கிப்போய், கசக்கி, அதன்மேல் கம்பளி நூலைச் சுற்றினார்கள். பந்து நன்றாக உருண்டு வந்ததாம்.

நான் எந்த ஸ்வெட்டரையும் போட்டதில்லை. பனியில் நடுங்கிக்கொண்டு, என் சொந்த அளவிலேயே நின்று, வாயிற்கூட்டங்களில் பேசினேன். ஸ்வெட்டர் போடாதவனைச் சொந்தம் என்று இங்கே யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

பேத்திக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். என் மகள் வெற்றிச்செல்விக்கு அண்ணன் தம்பி கிடையாது. மடி கொடுக்க நான்தான் மிச்சம். ஆனால் ஸ்வெட்டர் போடாதவனை மணையில் உட்காரவிட மாட்டார்கள். நான் இல்லையென்றால் தன் பங்காளி ஒருவனை உட்கார்த்துவதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அந்தப் பங்காளி, வேலைநிறுத்தத்தில் நாங்கள் வெளியே நின்றபோது கருங்காலியாக உள்ளே வேலைக்குப் போனவன். என் பேத்தி கருங்காலி மடியில் உட்காருவதை நான் அனுமதிக்க முடியாது.

"நான் பின்னுறேன். போடுவீங்களாப்பா?" என்று செல்வி கேட்டாள்.

அளவு நாடாவை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எதுக்கு? உங்கள எனக்குத் தெரியாதா?"

சிவப்பு நூல். ஸ்வெட்டரோடு சேர்த்தே குரங்கு குல்லா. விசேஷத்தன்று காலையில் விரித்துப் பார்த்தேன். முன்பக்கத்தையும் முதுகாகவே பின்னியிருந்தாள். குல்லாவில் முகத்துக்கு இடம் விடவில்லை. நான் ஊர்வலத்தில் முன்னால் போனவன். முன்னால் போகிறவனின் முதுகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் அதுதான் தெரியும். இதில் யாரும் குறை சொல்ல ஒன்றுமில்லை. போட்டுக்கொண்டேன். உடம்பு மாறிக்கொண்டது.

"கொஞ்சம் திரும்புங்கப்பா" என்றாள் செல்வி.

திரும்பினேன்.

"அப்படியே இருக்கீங்க."

மணையில் உட்கார முடியவில்லை. இரண்டு பக்கமும் முதுகாக இருந்ததால் எந்தப் பக்கம் மடிவதென்று தெரியாமல் முழங்கால்கள் விறைத்துக்கொண்டன. பங்காளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தான்.

"பெரியவருக்குத்தான் மடியே இல்லியே. தள்ளுங்க, நான் உட்காருறேன்."

அன்றைக்கும் இப்படித்தான் வந்தான், கேட்டைத் திறந்தவுடன்.

செல்வி பிள்ளையைத் தூக்கி என் தோளில் வைத்தாள். தோளில் ஆள் ஏறினால் நடப்பது என் பழக்கம். நடந்தேன். ஆசாரி ஊசியோடு பின்னால் வந்தார். சொந்தக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வரிசை பிடித்தார்கள். சந்தியாகுவை யாரோ இடுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பங்காளி மட்டும் மணையில், தன் மடியோடு தனியாக உட்கார்ந்திருந்தான்.

தொழிற்சாலை வாசலில் ஆசாரி எக்கி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீரிட்டாள். வரிசையில் வந்தவர்கள் அதைக் கோஷமாக எடுத்துத் திருப்பிச் சொன்னார்கள். மறு காதுக்காக என்னைத் திரும்பச் சொன்னார். திரும்பினேன். பின்னால் வந்தவர்கள் அப்போதும் எனக்குப் பின்னால்தான் இருந்தார்கள்.

சத்தம் கேட்டு வெளியே வந்து கேட்டில் நின்ற மேலாளரும் எனக்குப் பின்னால்தான் இருந்தார். வேறு வழியில்லாமல் வரிசையில் சேர்ந்துகொண்டார். பிள்ளை மறுபடி வீரிட்டதும் அவரும் கையை உயர்த்தித் திருப்பிச் சொன்னார்.

அவர் உச்சரிப்பு சரியில்லை.