இறங்க மறுத்த மிச்சம்

புனிதாவுக்கு எதுவும் நிறைந்து கிடந்தால் பொறுக்காது. அவள் எஸ்டேட் ஆபீசுக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்த நாளிலிருந்து குப்பைத்தொட்டி பாதிகூட நிறைந்ததில்லை. அப்படிப்பட்டவள் கண்ணில், கம்ப்யூட்டரின் மெமரி அளவு சிவப்பாக நிற்பது பட்டால் சும்மா விடுவாளா?

தேயிலைக் காட்டை ட்ரோனில் படம் பிடிக்கும் கோகிலன், வீடியோக்களுக்கு பிளாக் எண்ணையே பெயராக வைப்பான். ஒன்பதாம் பிளாக்கில் கவ்வாத்து வெட்டி மூன்று வாரம் ஆகிறது. கொழுந்தே இல்லாத காட்டுக்குப் படம் எதற்கு? ஒன்பது என்றிருந்த அத்தனையையும் அழித்து, கம்ப்யூட்டர் குப்பைக்கூடையையும் காலி செய்தாள். சிவப்பு மளமளவென்று இறங்கியது. கொஞ்சம் மட்டும் இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கோகிலன் வந்தான். "அக்கா, தங்கச்சி வந்துக்கிட்டு இருக்கா. கல்யாணப் படத்த ஏத்திக் கொடுக்கணும். நாளைக்கு ஜொகூர் போயிருவா."

"என்ன பேருல வச்சிருக்க?"

"ஒம்போதுதான். ஊர்வலம் அந்த ரோட்டுலதான வந்துச்சு!"

அவன் தங்கை கங்காவின் கல்யாணத்துக்கு இருந்ததே அந்த ஒரு வீடியோதான். புனிதா அவனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுத் தந்த ரிங்லெட் டவுன் எட்ரியனுக்குப் போன் போட்டாள். காலையில் கோகிலன் எல்லாருக்கும் காட்டிய கல்யாணப் படம், மாலை மாற்றும் இடத்தில் இன்னும் திரையில் நின்றிருந்தது. பார்க்க மனம் தாங்காமல், "இந்தப் படம் வேற தொறந்தே கெடக்கு" என்று போனில் சொல்லிக்கொண்டே அதை மூடப் போனாள்.

"ஐயோ, மூடாதீங்கக்கா!" என்று எட்ரியன் போனிலேயே கத்தினான். "அழிச்சா பேருதான் போகும். படம் தொறந்திருக்கற வரைக்கும் கம்ப்யூட்டர் அத விடாது. எறங்காத மிச்சம் அதுதான் லா!"

அவன் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, கோகிலன் தட்டினான். பத்து நிமிடத்தில் வேறு பெயரில் முழுப் படமும் வந்துவிட்டது. புனிதாவுக்குப் போன உயிர் திரும்பியது.

"இன்னொண்ணுக்கா, மெமரி நெறையறது நோயில்ல. படிச்ச ஃபைலோட நகல அது கைக்கிட்டயே வச்சிருக்கும். வேற வேலைக்கு எடம் வேணும்னா அந்த நகல தானா விட்டுரும். நீங்க ஒண்ணும் கூட்டிப் பெருக்க வேணாம்."

கங்கா வந்ததும் கோகிலன் வாயில் விரல் வைத்துக் காட்டினான். புனிதாவால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கங்காவின் முகம் மாறியது. "ஊர்வலத்துல நீங்க ஆடுனது இருக்காக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப சரி. மாமியார் வீட்டுல மொதல்ல அதத்தான் போடப் போறேன்."

புனிதா ஒரு கணம் அழிக்கும் பொத்தானைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், கங்காவைக் கட்டிக்கொண்டாள்.