விசுவாசப் பிரமாணமும் மின்காந்தவியலும்

பேசாலையில் கலியாணம் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. கோயிலில் கலியாண அறிவித்தலான ஓலையை வாசிக்க முன்னர் மாப்பிள்ளையும் பொம்பிளையும் பாதருக்கு முன்னால் செபங்களை ஒப்புவிக்க வேண்டும். அதற்குத்தான் அன்று பின்னேரம் கிருஷிகாவும் டிலோஜனும் பங்குமனைக்கு வந்து, கதிரைகளில் அடக்க ஒடுக்கமாக இருந்தார்கள்.

ஆனால் கிருஷிகாவின் மனதில் இருந்தது வேறொரு பரீட்சை. பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். பாடங்களில் எல்லாம் நல்ல புள்ளி. ஆய்வைத் தொடங்க முன்னர் வைக்கும் தகுதிகாண் பரீட்சையில்தான் மின்காந்தவியல் காலை வாரிவிட்டது. இன்னும் ஒரேயொரு தரம் எடுக்கலாம். அதிலும் தவறினால் படிப்பே முடிந்தது. எடுப்பதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும். ஊரோ அவளை இப்போதே டொக்டர் என்கிறது. எந்த வாயால் பெயில் என்று சொல்லுவாள்? லீவில் வந்ததாக டிலோஜனுக்கும் பொய் சொல்லியிருந்தாள். படிப்பை விட்டுவிடலாம், கலியாணம் நல்ல சாட்டு என்று முடிவே கட்டிவிட்டாள்.

"விசுவாசப் பிரமாணம் சொல்லும் பாப்பம்," என்றார் பாதர்.

டிலோஜன் படகு எஞ்சின் திருத்துபவன். எந்தப் பழுதுக்கும் அசராதவன், செபத்தின் நடுவில் வரும் பிலாத்து என்ற பெயர் வரை போய் நின்றுவிட்டான். முதலிலிருந்து தொடங்கினான், திரும்பவும் பிலாத்து. பாதர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போய்ப் படிச்சிட்டு அடுத்த கிழமை வாரும்."

கிருஷிகாவுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அவனோ வெளியே வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். வாசலில் நின்ற மாக்கிறட் மாமி, "என்ன தம்பி, ஓலை எப்ப?" என்று கேட்க, "நான் பெயில், மாமி! அடுத்த கிழமை திரும்ப எடுக்கிறன்," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னான்.

இவ்வளவுதானா? இத்தனை நாளும் நெஞ்சில் கல்லைச் சுமந்தவளுக்கு அழுகையும் வந்தது, அவன் மேல் பொறாமையும் வந்தது.

"நானும் பெயில்," என்றாள். "கம்பசில. லீவில வரேல்லை நான்."

அவன் சிரிப்பு நின்றது. "திரும்ப எடுக்கேலாதோ?"

"ஒருக்கா ஏலும். வாற யூன் மாசம்."

"அப்ப எடும். ஓலையை ஓகஸ்டுக்குத் தள்ளுவம்."

"அதிலயும் விட்டால்?"

"விட்டால் விட்டதுதான். பயத்தில எடுக்காமல் வந்து என்னைக் கட்டாதையும். பிறகு காலம் முழுக்க என்னைப் பாத்து மூஞ்சையை நீட்டுவீர்."

அடுத்த கிழமை டிலோஜன் மூச்சு விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தான். பாதர் சந்தோசமாகப் பேனையை எடுத்தார். "வாற ஞாயிறே ஓலை வாசிக்கட்டோ?"

டிலோஜன் அவளைப் பார்த்தான். கிருஷிகா தொண்டையைச் செருமினாள்.

"ஓகஸ்டில வாசியுங்கோ, பாதர். நானும் ஒரு பரீட்சையில பெயில். யூனில திரும்ப எடுக்கிறன் எண்டு வெள்ளிக்கிழமை சொல்லிட்டன்."

"எதில பிள்ளை நிண்டது?"

"மின்காந்தவியலில, பாதர்."

பாதர் அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "இவனே பிலாத்தைத் தாண்டிட்டான்," என்றார். "உமக்கென்ன?"