வலப்பக்கம் சாய்ந்த காடி

ஜப்பான் பட்டாளம் வருகிறது என்று வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது ரப்பர் தோட்டத்தில் மூன்றை விட்டுவிட்டுப் போனார்: ஒரு தொப்பி, இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை நிறப் பந்தய மோட்டார் காடி, கணக்கெழுதும் பெரிய கிராணி எர்னஸ்ட். தொப்பியை எர்னஸ்ட் எடுத்துக்கொண்டார். காடியையும் எடுத்துக்கொண்டதாகவே அவருக்கு நினைப்பு. தினமும் சாயங்காலம் கொட்டகைக்குப் போய் அதில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஓட்டத் தெரியாததை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஊற்ற பெட்ரோலும்தான் இல்லையே.

காடி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பத்து வருஷம் துரையின் கனத்தைச் சுமந்ததில் ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து, அவற்றைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் புஷ்கள் தூளாகிவிட்டிருந்தன. தோட்டத்து வண்டிகளையெல்லாம் வாரிக்கொண்டு போன ஜப்பான் அதிகாரி இதிலும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தான். செம்மண் சடக்குப் பாதையில் அது குலுக்கிய குலுக்கலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கதவில் ஓர் உதை விட்டுவிட்டு நடந்தான். காடி இனி தமக்கே என்று அவன் போட்டுக்கொடுத்த முத்திரையாக அந்த உதைப் பள்ளத்தை எர்னஸ்ட் மதித்தார்.

அப்போது அவர் மனைவி அக்னஸுக்கு எட்டாம் மாதம். முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது, மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போனது. இந்த முறை பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், ஆனால் உடம்பு குலுங்கவே கூடாது என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சொல்லிவிட்டார்.

எர்னஸ்ட், குழந்தைவேலுவைக் கூப்பிட்டனுப்பினார். லாரி டிரைவர், லாரி பறிபோன பிறகு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தவன். காடிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"சரி பண்ணிடலாம்லா, ஐயா. ஆனா சரி பண்ணிட்டா ஜப்பான்காரன் நம்மள வச்சிருக்க விடமாட்டான். குலுங்குதுன்னுதானே விட்டுட்டுப் போனான்."

எர்னஸ்ட் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பண்ணு என்றார்.

போகிற வழியில் திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த பட்டாள லாரியிலிருந்து குழந்தைவேலு ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வந்தான். அளவுக்கு வெட்டி, உலையில் காய்ச்சி வளைவேற்றி, தேங்காயெண்ணெய் தடவி அடுக்கினான். புஷ் விஷயத்தில்தான் கிராணி தலையிட்டார். இருபது வருஷமாக ரப்பரை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரிப்பவர். ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம் என்று, விற்க வழியில்லாமல் ஸ்டோரில் அடுக்கிக் கிடந்த ஷீட்டுகளில் முதல் தரத்தைத் தாமே பொறுக்கிக் கொடுத்தார். இது பச்சை ரப்பர், டயரில் இருப்பதுபோல் கந்தகம் போட்டு வேகவைத்தது இல்லை என்று குழந்தைவேலு சொல்லிப் பார்த்தான். தோட்டத்து ரப்பரின் கீர்த்தி பற்றி அரை மணி நேரம் நின்று கேட்கும்படி ஆயிற்று.

பெட்ரோலுக்குப் பதில் ரப்பரையே காய்ச்சி வடித்த எண்ணெயை ஊற்றி, மறுநாள் உச்சி வெயிலில் ஓட்டிப் பார்த்தார்கள். குலுக்கம் தெரிய எர்னஸ்ட் மடியில் ஒரு சட்டித் தண்ணீர். இரண்டு மைலில் முதல் தர ரப்பர் அல்வாவாக உருகி வழிந்தது. சட்டித் தண்ணீர் அவர் கால்சட்டையில் இருந்தது. கிராணியம்மாவுக்கு முன்னாடி கிராணிக்கே பனிக்குடம் உடைந்துவிட்டது என்று லயத்து வீடுகளின் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

வெந்த ரப்பர் தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் மிஞ்சியிருந்தது: எர்னஸ்டின் சைக்கிளில். மற்றவர்கள் சக்கரத்தில் கயிறு சுற்றிக்கொண்டு லொடலொடத்த காலத்தில், காற்றடித்த இரண்டு டயரில் தொப்பி அசையாமல் அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து இறங்குவது ஒரு தேர் வருகை. குழந்தைவேலு சைக்கிளைப் பார்த்துவிட்டு மரவள்ளிக் கொல்லைக்கு நடந்தான். அடுத்த நாள் காலை எர்னஸ்ட் நடந்து வந்தார். இரண்டு டயரும் தோளில் மாலையாகத் தொங்கின.

"கத்தி இருக்காடா?" என்றார்.

டயரை வெட்டிப் போட்ட புஷ்களோடு அன்று மாலை ஓட்டிப் பார்த்தபோது, சட்டியில் தண்ணீர் சிலிர்த்ததோடு சரி, சிந்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் அக்னஸைத் தலையணைகளுக்கு நடுவில் சாய்த்து உட்காரவைத்தார்கள். பக்கத்தில் குழந்தைவேலு ஏறினான். அவ்வளவுதான் இடம். ஓட்டத் தெரியாதது எர்னஸ்டுக்கு முதல் தடவையாகக் குறையாகப் பட்டது. காடி சாயாமல், பூனை நடப்பதுபோல் போய் ரப்பர் பால்மரங்களுக்குள் மறைந்தது. பின்னாலேயே அவர் நடக்கத் தொடங்கினார். பன்னிரண்டு மைல்.

ஆஸ்பத்திரிப் படியில் குழந்தைவேலு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். வாசலில் ஒரு ஜப்பான் அதிகாரி காடியை நிறுத்தி, ஏறி, ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தானாம். சிரித்தானாம். திரும்பி வரவில்லை.

"அவ இறங்கின அப்புறந்தானே?" என்று எர்னஸ்ட் கேட்டார்.

"அப்புறந்தான், ஐயா."

அவர் உள்ளே போனார். முழங்கால் வரை செம்மண்ணோடு வந்து நின்றவரை அக்னஸ் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் தூங்கிட்டேங்க. திகாம் பத்து தாண்டினதே தெரியல. டாக்டர் கையை வச்சுப் பார்த்தாரு, நல்லா இருக்குன்னாரு. நீங்களும் பாருங்க."

அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. இதை என்னவென்று மதிப்பது என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. கையை எடுக்காமல், மறு கையால் துரையின் தொப்பியைக் கழற்றி அவளுக்கு விசிற ஆரம்பித்தார்.