ஆள் வராமல் ஓடும் புரோகிராம்

பிச்சுமணி ஸ்ரீவராகத்துக்காரர், ஓர் ஆடிட்டரிடம் குமாஸ்தா. 1988-ல், ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாலை வேளைகளில் உட்கார்ந்து, ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களை வகைவாரியாகத் தேடித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினார். கிழக்கேகோட்டையில் ரத்ததான சங்கம் நடத்திய ஜெயபாய் அதை முதலில் வாங்கிக்கொண்டாள். பிறகு இன்னும் சில இடங்களில் கேட்டார்கள். எங்கே கேட்டாலும் அவரே பிளாப்பிகளோடு போய், யாருக்கும் புரியாத கட்டளைகளை அடித்து ஓட வைத்துவிட்டு வருவார். குடிக்கக் காப்பி கொடுத்து, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

மறு வருஷம் அவருக்கு அம்மை போட்டது. அந்தச் சமயம் பார்த்து சங்கத்துக் கம்ப்யூட்டர் பழுதாகி, ரிப்பேருக்குப் போய், உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து வெறுமையாகத் திரும்பி வந்தது. பெயர்கள் பிளாப்பியில் பத்திரமாக இருந்தன. புரோகிராமின் நகலும் சங்கத்தில் இருந்தது; அதைத்தான் கட்டளைகள் அடித்து மறுபடி ஏற்ற வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவக்காரிக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. பிச்சுமணி படுக்கையிலிருந்து எழுந்து ஜெயபாய்க்குப் போனில் கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"சாய்ஞ்ச கோடு எந்தப் பக்கம் சாயணும் சாரே? இதில ரெண்டு உண்டு" என்று ஜெயபாய் கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் அடித்தாள். தவறு என்றே திரும்பத் திரும்பத் திரையில் வந்தது. கடைசியில் ஜெயபாய் போனை வைத்துவிட்டு, அந்த வகை ரத்தக்காரன் என்று தன் நினைவில் இருந்த உச்சிமாகாளி என்ற சுமைதூக்கியைச் சாலை மார்க்கெட்டில் தேடிப் பிடித்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு ஜெயபாய் பிச்சுமணி வீட்டுக்கு வந்தாள். குரலில் கோபம் இல்லை.

"நீங்க வந்தாத்தான் இது ஓடும்னா, எங்களுக்கு இது வேண்டாம் சாரே."

பிச்சுமணிக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே புரோகிராமைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்குள் எந்த இடத்தில் எதை வைப்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும்படி மாற்றினார். எல்லாம் ஒரே பிளாப்பியில் அடங்கியது. பிறகு அதை ஜெயபாயிடம் கொடுத்துவிட்டு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தடவை அவள் திரையில் வந்த ஒரு கேள்வி புரியாமல் விழித்தாள். அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார். அடுத்த தடவை ஒரே ஒரு வார்த்தை அடித்தாள், ஓடியது.

அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. தேவைப்பட்டவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் நகல் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சிறிது காலம் திண்டாடினார்.

ஆடிட் வேலையாகக் கல்லாறு பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குப் போனபோது, அங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தொழிலாளர்களுக்கு ரத்தம் தேடத் தன் புரோகிராமை வைத்திருப்பதைப் பார்த்தார். கணக்கெழுதும் ரைட்டர் வேலாயுதனிடம், இதை யார் வந்து போட்டுக் கொடுத்தது என்று விசாரித்தார்.

"ஆரும் வரவேண்டாம் சாரே. ஒரு வார்த்தை அடிச்சா மதி, அது போதும்" என்ற வேலாயுதன், அது எப்படி என்று அவருக்கே பொறுமையாகக் காட்டிக் கொடுத்தான்.

பிச்சுமணி கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். என்ன ரத்த வகை என்று வேலாயுதன் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. ஊர் திரும்பியதும் சங்கத்துக்குப் போய் ரத்த வகை பார்க்கச் சொல்லி ஜெயபாயிடம் விரலை நீட்டினார்.