கல்வீட்டுக்காரருக்கு ஒரு சலாம்

சவளக்கடை வயலில் வாய்க்கால் வெட்டிய மெசின் பழங்காலத்துக் கல்லறை ஒன்றை இடித்து வெளியே காட்டியதிலிருந்து ஊரே அங்கே போய்வந்துகொண்டிருந்தது. பஸாலும் தன் கூடப்பிறந்த ராத்தா றாஹிலாவைக் கல்முனையிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். புருசன் போனதிலிருந்து வீட்டோடு கிடப்பவளுக்குக் கொஞ்சம் காற்றுப் பட்டால் நல்லதென்று நினைத்தான். காற்று வாங்க நல்ல இடம் பார்த்தான் போங்கள்!

றாஹிலாவின் புருசன் கச்சிமுகம்மது கொரோனாவில் மவுத்தானவர். இறந்தவரின் மையத்தைப் புதைக்க அரசாங்கம் விடாத காலம் அது. கெஞ்சிக் கதறியும் கேளாமல் எரித்தே விட்டார்கள். மையவாடி மதிலைக் கடக்கும்போது எல்லாரும் உள்ளே கப்றுகளில் அடங்கியிருப்பவர்களுக்குச் சலாம் சொல்வார்கள். றாஹிலா மட்டும் வாய் திறக்கமாட்டாள். அவளுடைய ஆள் அங்கே இல்லையே.

வயலில், கயிறு கட்டிய குழிக்குக் காவலாக சுஜிந்தன் என்ற, தொல்லியல் படிக்கும் கெம்பஸ் பொடியன் நின்றான். குழிக்குள் நாலு பக்கமும் பலகைபோல் கல் நட்டு, மேலே ஒரு மூடுகல்.

"முழு எலும்புக்கூடு இல்லம்மா. எரிச்சுப்போட்டு, சாம்பலப் பானையில போட்டு இதுக்குள்ள வெச்சிருக்காங்க. ஆயிரக்கணக்கான வருசம் இருக்கும்."

"எரிச்ச ஆளுக்கா இவ்வளவு பெரிய கல்வீடு?"

"ஓம் அம்மா. எரிச்சாலும் அவங்கட ஆள்தானே."

பஸாலின் முகம் செத்துப்போனது. சாம்பலை எடுத்துப்போகச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பியபோது, வாங்கினால் எரித்ததற்குச் சம்மதம் சொன்னதாகிவிடும் என்று மறுத்தவன் அவன்தான். ஊரே அவனை மெச்சியது. இத்தா என்று வீட்டுக்குள் துக்கம் காத்திருந்த றாஹிலாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி, அவர்ர சாம்பல எங்க கொட்டியிருப்பாங்க?"

"இப்ப என்னத்துக்கு ராத்தா அந்தக் கதை? வாங்க, போவம்."

"குப்பையிலயா? ஒரு சொல்லு என்னட்டக் கேட்டியா நீ?"

அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று அன்றைக்குத் தோன்றவுமில்லை.

றாஹிலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கயிற்றருகே போனாள். மையவாடி மதிலோரம் இத்தனை வருடம் சொல்லாத சலாத்தை அந்தக் கல்லுக்குச் சொன்னாள்.

பஸால் பதறி அவள் கையைப் பிடித்தான். "ராத்தா, இவங்க நம்மட ஆக்களில்ல."

"தெரியும்டா. என்ட ஆளுக்கு ஒரு கப்று காட்டு. அங்க போய்ச் சொல்லுறன்."

பஸால் கையை விட்டான். அவள் இன்னொரு தடவை, இப்போது வரப்பில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, சலாம் சொன்னாள்.