உதாரணத்துக்கு ஓர் அப்பா

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மார்க்கெட்டிங் வேலையில் இருப்பவர்கள் கூச்சமில்லாமல் மேடையில் பேசுவது எப்படி என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. குறிப்புகளாக எழுதிக் கொடுங்கள், அப்போதுதான் படிப்பார்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். முதல் இரண்டு குறிப்புகள் மளமளவென்று வந்துவிட்டன. மூன்றாவது குறிப்பு: ‘வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பழகுங்கள்.’ வெறும் உபதேசமாக நிற்கிறதே என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். ‘உதாரணத்துக்கு, ஒரு பெண் தன் அப்பாவின் முன்னால் நின்று பேசிப் பார்த்தாள்.’

அங்கேதான் வந்தது வினை. நான்காவது குறிப்புக்குப் போக முடியவில்லை. அந்தப் பெண் யார், என்ன விற்கிறாள், அவள் பேசும்போது அப்பா என்ன செய்தார் என்று மனம் அரிக்கத் தொடங்கியது. கட்டுரை இன்னும் பாதியில் கிடக்கிறது. பத்திரிகையிலிருந்து போன் வந்தால் நான் எடுப்பதில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கூட்டம் என்றால்—’

வேண்டாம். சின்ன வயதுக்குப் போனால் திரும்பி வர நாளாகும்.

‘மைக்கைக் கையில் வாங்கியதும் அவள் நெஞ்சு படபடவென்று—’

இதுவும் வேண்டாம். எல்லார் நெஞ்சும் அப்படித்தான் அடித்துக்கொள்கிறது.

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் இருந்தாள். [முதல் பிரதியில் அந்தக் கம்பெனி மிக்ஸி விற்றது. பிறகு மாற்றினேன். காரணம் கொஞ்சம் பொறுத்து வரும்.] அலுவலகத்தில் அவளுக்கு ‘ஸ்லைடு’ என்று பட்டப்பெயர். கூட்டங்களில் திரையில் ஓடுகிற ஸ்லைடு எல்லாம் அவள் கைவேலை. எந்தப் படத்துக்குப் பின் எந்தக் கணக்கு வர வேண்டும், எந்த இடத்தில் ஒரே வரியோடு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது பிரிவுத் தலைவியான மேடம். கைத்தட்டலும் மேடத்துக்கே.

அவள் வாயில்லாப் பூச்சி அல்ல. சாப்பாட்டு வேளையில் அவள் அடிக்கிற நக்கலில் மேடத்துக்கே புரையேறும். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து அவள் முகத்தையே பார்த்தால் போதும், நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை மேடத்துக்குத் தொண்டை கட்டியிருந்ததால் விற்பனையாளர்கள் கூட்டத்தில் மைக் இவள் கைக்கு வந்தது. வணக்கம் என்றாள். முன்வரிசைக்காரர் ஒருவர் பதில் வணக்கம் சொன்னார். அவருக்கு மறுபடியும் ஒரு வணக்கம் வைத்தாள். அவர் எழுந்தே நின்றுவிட்டார். அதற்குமேல் எதுவும் வரவில்லை. கட்டைக் குரலிலேயே மேடம் மீதியைப் பேசி முடித்தார்.

அந்த மேடம்தான் ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“புது மாடல் அறிமுக விழாவுல நீதான் பேசப்போற.”

“ஐயோ மேடம், நானா?”

“எனக்கு அடுத்தது யாருன்னு மேல கேக்கறாங்க. உன் பேரைச் சொல்லலாம்னு இருக்கேன். வாயைத் திறக்காத ஆளை எப்படி நான் சொல்றது?”

3

மேடம் அவளை ஒரு பேச்சுப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை வகுப்பு. மாடியறை, மடக்கு நாற்காலிகள், பேசுகிறவர் தன்னையே பார்த்துக்கொள்ள ஒரு நிலைக்கண்ணாடி. சொல்லிக்கொடுத்தவர் முன்பு காப்பீடு விற்றவர். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பேசுவதால் அவருக்கு ‘மைக் சார்’ என்று பெயர்.

நல்ல ஆசிரியர்தான், குறை சொல்ல மாட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் தொங்கவிடு, அது தானே வேலை தேடிக்கொள்ளும் என்பார். ‘வந்து... வந்து...’ என்று இழுக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு நில், கூட்டம் அதை யோசனை என்று எடுத்துக்கொள்ளும் என்பார். இவற்றை அப்படியே கட்டுரையில் போட்டிருக்கலாம்.

முதல் வகுப்பு முடிந்ததும் சொன்னார். “வீட்ல யாரையாவது உக்கார வெச்சுப் பேசுங்க. கண்ணாடி கைதட்டாது.”

4

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அம்மா இல்லை.

[இங்கே எனக்கு ஒரு முட்டுக்கட்டை. பத்துப் பேர் முன்னால் வாய் கட்டிப்போகிறவள் அப்பா முன்னால் மட்டும் கூச்சமில்லாமல் எப்படிப் பேசுவாள்? யோசித்துப் பார்த்து, அப்பாவின் காதை எடுத்துவிட்டேன். எழுதுகிற ஆளுக்கு அது ஒரு வரி வேலை: ‘அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓட்டி அவருக்குக் காது போயிற்று.’ காது போனபின் மிக்ஸி பொருந்தவில்லை. கம்பெனியைக் காது மெஷின் விற்க வைத்தேன். எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.]

பழைய மாடல் ஒன்றை அவள் அப்பாவுக்குக் கொண்டுவந்து மாட்டியும் பார்த்திருந்தாள். “தலைக்குள்ள மறுபடியும் அச்சகம் ஓடுதும்மா” என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். அம்மா இருந்தவரை அதற்குத் தேவையும் இருக்கவில்லை. உதட்டாலும் கையாலும் அம்மா ஊர்க்கதை முழுக்க அவருக்குச் சொல்லிவிடுவாள். அந்த வித்தை வராத மகள், அம்மா போனபின் சத்தம் போட்டுப் பேசிப் பார்த்தாள். சத்தம் போட்டால் எந்தப் பேச்சும் திட்டுவதுபோல ஆகிவிடுகிறது. ‘சட்டை நல்லா இருக்குப்பா’ என்பதைக்கூடக் கத்திச் சொன்னால் சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, மாத்திரை, போயிட்டு வரேன் என்ற அளவில் வீட்டுப் பேச்சு சுருங்கிப்போனது.

இப்போது அவள் கூடத்து மேசையை ஓரமாகத் தள்ளினாள். அப்பாவின் கையைப் பிடித்து சோபாவில் உட்காரவைத்து, எதிரே நின்றுகொண்டாள். சாதாரணக் குரலில் பேசினாள். அவருக்கு ஒரு சொல்லும் கேட்காது, ஓட்டமாகப் பேசினால் உதட்டிலிருந்தும் பிடிபடாது என்ற தைரியம். பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு அப்பா அவள் முகத்தையே பார்த்தார். அவள் புருவம் உயர்ந்தால் அவர் புருவமும் உயர்ந்தது. முடித்ததும் கைதட்டினார்.

மறுநாள் அவள் அலுவலகத்திலிருந்து வந்தபோது மேசை ஏற்கெனவே ஓரமாகப் போயிருந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

5

“பேட்டரி, வாரண்டி, எடை... இதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடிச்சிருக்கும்மா. அதைச் சொல்ல நீ எதுக்கு?” என்றார் மைக் சார்.

“வேற என்ன சார் சொல்றது?”

“காது கேக்காத ஒரு ஆளைக் காட்டு. தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?”

“எங்கப்பா இருக்கார் சார்.”

“அட, வீட்லயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறியேம்மா! காது கேக்காம அவருக்கு நடந்தது ஏதாவது சொல்லு. சிரிக்கணும், அடுத்த நிமிஷம் கண்ணு கலங்கணும்.”

எதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கொஞ்சம் தயங்கினாள். [அந்தத் தயக்கத்தை நான் ஒரு பத்திக்கு நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. எனக்கும் அந்தச் சம்பவம் தேவைப்பட்டது.]

ஆஸ்பத்திரி நடைவழியில் நடந்தது அது. அம்மாவைப் பக்கவாதம் தாக்கி உள்ளே வைத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, “மூச்சு நின்னுடுச்சு” என்றார். குனிந்த முகத்தில் உதடு சரியாகத் தெரியவில்லை. அரைகுறையாகத் தெரிந்ததை அப்பா ‘பேச்சு நின்னுடுச்சு’ என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதனால என்ன டாக்டர்! எனக்குக் காது கேக்காது, அவளுக்குப் பேச்சு வராது. பொருத்தமாப் போச்சு. நாங்க சமாளிச்சுக்குவோம்.”

டாக்டர் மகளைப் பார்த்தார். அவள்தான் அப்பாவின் தோளைத் தொட்டுத் திருப்பி, இல்லை என்று தலையசைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் அதைப் பற்றி ஒரு சைகைகூடப் பரிமாறிக்கொண்டதில்லை.

மைக் சார் முழுவதையும் கேட்டார். பிறகு, “‘சமாளிச்சுக்குவோம்’னு சொல்லிட்டு நிறுத்திடு. சிரிப்பாங்க. சிரிச்சு அடங்கற வரைக்கும் நில்லு. அப்புறமா அடுத்த வரி” என்றார்.

அன்று சாயங்காலம் அவள் அதை அப்பாவின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். கூட்டம் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு லேசாகப் புன்னகைத்தாள். அவள் முகத்தைப் பார்த்து அப்பாவும் புன்னகைத்தார்.

6

“அப்பாவைக் கூட்டிட்டு வா. புது மாடலை அவருக்கே மாட்டி முன்வரிசையில உக்கார வெப்போம். பேசி முடிச்சதும் மேடைக்குக் கூப்பிடு” என்றார் மேடம். அவள் சரி என்றாள்.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். காது மெஷின் விற்கிறவளுக்கு, அதை மாட்டினால் அப்பாவுக்குக் கேட்கும் என்று தெரியாதா? இரண்டு நாள் இதிலேயே நின்றேன். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தினமும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதரே அவள் மனதில் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையிலும் அவரே வந்து உட்காருவார் என்று இருந்துவிட்டாள்.]

விழா மண்டபத்தின் பக்கத்து அறையில் அப்பாவுக்கு மெஷினை மாட்டினார்கள். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“வெளியில மழையா?”

“இல்லப்பா, ஏசி.”

“ஓ” என்று சிரித்தார். அவள் குரல் மாறியிருப்பதாகவும், அம்மாவின் குரல்போல ஆகிவிட்டதாகவும் சொன்னார். அதற்குள் அவளை மேடைக்கு அழைத்துவிட்டார்கள்.

அவள் நன்றாகப் பேசினாள். இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை, அபாரமாகப் பேசினாள். “எங்கப்பா” என்று தொடங்கியதும் அவர் நாற்காலி நுனிக்கு வந்து பக்கத்தில் இருந்தவரிடம் ‘என் பொண்ணு’ என்று சைகை காட்டினார். ஆஸ்பத்திரி என்றதும் அவர் கை கீழே இறங்கியது. “நாங்க சமாளிச்சுக்குவோம்” என்று அவள் நிறுத்தினாள். மண்டபம் சிரித்தது.

அப்பா திரும்பிப் பார்த்தார். மேடையை அல்ல, பின்னால் சிரித்தவர்களை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பிறகு நேராக உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அடுத்த வரியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் உடம்பு பழகியிருந்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அப்புறமா அடுத்த வரி. “அன்னைக்கு இந்த மாடல் அவர் காதுல இருந்திருந்தா...”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெயர் சொல்லி அழைத்ததும் அப்பா மேடையேறினார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்.

7

டாக்ஸியில் வெகுதூரம் வந்தபின் அவள்தான் கேட்டாள்.

“நல்லாக் கேட்டுச்சாப்பா?”

“எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு. நல்ல மெஷின்.”

சிக்னலில் வண்டி நின்றது. ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அப்பா லேசாகத் திடுக்கிட்டார்.

“தினம் என் முன்னாடி நின்னு பேசுவியே, அதுவும் இதானாம்மா?”

“ஆமாப்பா. இதுக்குத்தான் பழகினேன்.”

“அப்படியா... நான் வேற என்னமோன்னு இருந்துட்டேன்.”

“என்னன்னு இருந்தீங்க?”

“அம்மா போனதுலேர்ந்து நீ மனசுவிட்டு எதுவும் பேசலியே. எல்லாத்தையும் இப்பதான் கொட்டறியாக்கும்னு நெனச்சேன். நமக்குக் கேக்கலேன்னா என்ன, அது பேசி முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. விளக்கம் கேட்டவருக்கு விளக்கம் சொல்வதுபோலச் சொன்னார். [கோபமாக ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அதில் அவர் அவளைத் திட்டினார், அவள் அழுதாள், இருவருக்கும் மனம் லேசானது. எனக்கும்தான். கிழித்துப் போட்டேன்.]

8

முடிவுகள் சில எழுதினேன்.

ஒன்றில் அப்பா மெஷினைக் கழற்றிக் குப்பையில் போடுகிறார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மறுநாள் காலையிலேயே எழுந்து மாட்டிக்கொண்டார். மகளின் கம்பெனிப் பொருள் அல்லவா.

இன்னொன்றில் அவள் மேடத்திடம் போய், இனி அந்தச் சம்பவத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். எழுதும்போதே பொய் என்று தெரிந்தது. வேறு ஊர்களிலும் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள்; அங்கேயும் அதையே சொன்னாள். மேடத்தின் நாற்காலி அவளுக்கு வந்தது. பேச்சு முன்பைவிட மெருகேறியது. ஒவ்வொரு மண்டபத்திலும் சிரிப்பு எழும்போது முன்வரிசையில் யாராவது ஒரு வயதானவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அந்த நொடியில் அவளுக்கு மூச்சுத் திணறும். கூட்டம் அதையும் பேச்சின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது முடிவில் அவர்கள் இருவரும்—

இல்லை, அது வரவில்லை.

9

என்னிடம் மிச்சம் இருப்பது இவ்வளவுதான். ஒரு சாயங்காலம். அவள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அப்பா கூடத்தில் பேப்பர் படிக்கிறார், காதில் மெஷினோடு. இப்போதெல்லாம் கத்த வேண்டியதில்லை. சாதாரணமாகச் சொன்னாலே அவருக்குக் கேட்கும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவள் ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொள்கிறாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அது கலைந்துவிடுகிறது. இன்று கலையவில்லை. குழாயை நிறுத்துகிறாள்.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வருகிறது.

“என்னம்மா, ஏதாவது சொன்னியா?”

அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

‘மன்னிச்சிடுங்கப்பா’ என்று எழுதி அடித்துவிட்டேன். மேடையில் சொல்கிற வரிபோல இருந்தது. ‘ஒண்ணுமில்லப்பா’ என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன், அதைச் சொல்ல அவளுக்கு என் தயவு தேவையில்லை. அவளுடைய பதிலுக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

“.......................................”

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யோசித்து எழுதுங்கள். அவருக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது.